மைல்கல் பதில்கள்: கி.மீ. 23/4-இல் ஒரு பள்ளிக்கூடம்

(நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவர், சாலை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளி மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் வாசல் முன்னால் மூன்று விபத்துகள். ஒரு பையனுக்கு இரண்டு கால்களிலும் எலும்பு முறிந்து ஒரு வருடப் படிப்பே போய்விட்டது. நடைமேம்பாலம் கேட்டு மூன்று முறை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். முதல் இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவதுக்கு "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பரிசீலிக்கப்படும்" என்று பதில். நிதி எங்கேதான் இருக்கிறது?
— ஒரு தலைமையாசிரியை (ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: அம்மா, அந்த வாக்கியத்தை என் கையால் எத்தனையோ மனுக்களுக்கு எழுதியிருக்கிறேன். அது பொய்யில்லை. "நீங்கள் கேட்பது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று தேடிப் பார்க்க எனக்கு நேரமில்லை" என்பதற்கான ஆபீஸ் தமிழ் அது. தேடுகிற வேலையை நாமே செய்துகொண்டு போனால்தான் ஃபைல் நகரும்.

முதலில் ரோடு யாருடையது என்று தெரிய வேண்டும். உங்கள் முதல் மனு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, இரண்டாவது தேசிய நெடுஞ்சாலைக்காரர்களுக்கு. இரண்டு பேருமே "எங்கள் சாலை அல்ல" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் பாதி புதைந்த ஒரு கிலோமீட்டர் கல் தெரிகிறது. அதன் தலை பச்சை, எண் 23. மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் திட்டத்தில் போட்ட கிராமச் சாலை. ஆக, நீங்கள் போக வேண்டிய இடம் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். அந்தக் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் இருக்கும், 2, 4, 6, 8 என்று எண் போட்டு. பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் 4 என்ற கல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் பள்ளி கி.மீ. 23/4-இல் இருக்கிறது. இனி மனுவில் "எங்கள் பள்ளி அருகில்" என்று எழுதாதீர்கள். ரோட்டின் பெயர், கி.மீ. 23/4, வலப்பக்கம் என்று எழுதுங்கள். பொறியாளருக்கு ஊர் பேரைவிட அந்த எண் வேகமாகப் புரியும்.

அடுத்தது, நடைமேம்பாலத்தை மறந்துவிடுங்கள். லாரி போக அடியில் ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். அதாவது ஏற 40 படி, இறங்க 40 படி. சாயங்காலம் மணி அடித்ததும் ஓடி வருகிற எட்டாம் வகுப்புப் பையன் 40 படி ஏறுவானா? பாலத்துக்கு அடியிலேயே குறுக்கே ஓடுவான். பாலம் இருக்கிறது என்ற தைரியத்தில் லாரிக்காரர் வேகத்தையும் குறைக்க மாட்டார். கோடி ரூபாய் வேலை வேறு. நிலம், டெண்டர் என்று வருடங்கள் ஓடும்.

உங்கள் கடிதத்தில் நீங்களே பதிலை எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? மூன்று விபத்துகளில் இரண்டு, மாலை 4.20-லிருந்து 4.40-க்குள். அந்த நேரத்தில் டவுன் பஸ் வருகிறது. பஸ் நிற்கும் இடம் பள்ளிக் கேட்டுக்கு நேர் எதிரே. பிள்ளைகள் பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றிக் குறுக்கே ஓடுகிறார்கள். நிற்கிற பஸ்ஸை ஒதுங்கிக் கடக்கிற பைக்காரர் கண்ணுக்கு அந்தப் பிள்ளை கடைசி நொடிவரை தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் பார்த்து, பிரேக் அழுத்தி, வண்டி நிற்பதற்குள் 35 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பஸ்ஸின் நீளமே பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான்.

ஆகவே கேட்க வேண்டியது இவைதான். பஸ் நிறுத்தத்தைக் கேட்டைத் தாண்டி ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப் போடுவது. கேட்டுக்கு நேரே இரும்புக் குழாய்த் தடுப்பு, பிள்ளைகள் நேராக ரோட்டில் பாயாமல் பக்கவாட்டில் திரும்பி நடந்து போய்க் கடக்கிற மாதிரி. அங்கே மட்டும் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்டில் கடக்கும் கோடு. இருபுறமும் முன்கூட்டியே 'பள்ளி' பலகை, அதோடு சக்கரம் தடதடக்கிற கோடுகள். ஒரு விளக்கு. எல்லாம் சேர்ந்தாலும் நடைமேம்பாலச் செலவில் ஒரு மூலைக்கு வராது. சின்ன வேலை என்பதால்தான் இதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை. அதனாலேயே யாரும் கேட்பதும் இல்லை.

சரி, பணம். இது ஒரே உண்டியலில் இல்லை, நாலைந்து சுருக்குப் பைகளில் இருக்கிறது. பெயிண்ட், பலகை, கோடு எல்லாம் வருடாந்திரப் பராமரிப்பிலேயே அடங்கும். உதவிப் பொறியாளர் மனது வைத்தால் அடுத்த பெயிண்ட் வேலையோடு சேர்த்துவிடலாம். குழாய்த் தடுப்பும் பஸ் நிறுத்த மாற்றமும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போக வேண்டும். ஆட்சியர் தலைவர், போலீஸ், நெடுஞ்சாலை, ஆர்.டி.ஓ. எல்லோரும் உட்காருகிற குழு. மனுவை அங்கே வைக்கச் சொல்லி, 'கூட்டாய்வு' என்ற வார்த்தையைக் கட்டாயம் எழுதுங்கள். போலீசும் பொறியாளரும் ஆர்.டி.ஓ.வும் ஒன்றாக வந்து இடத்தைப் பார்த்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், எஸ்டிமேட்டுக்கு அதுதான் ஆதாரம். விளக்குக்கு எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. ஆனால் விளக்கு நட்டால் போதாது, மாதாமாதம் கரண்ட் பில் யார் கட்டுவது என்ற கேள்வியில்தான் பாதி விளக்குகள் அணைந்து கிடக்கின்றன. ஊராட்சி ஏற்றுக்கொள்கிறது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு வாங்கிவிட்டு அப்புறம் எம்.எல்.ஏ.விடம் போங்கள்.

மனுவோடு இணைக்க வேண்டியது அந்த மூன்று விபத்துகளின் எஃப்.ஐ.ஆர். எண்ணும் தேதியும். ஸ்டேஷனில் வாய்மொழியாகத் தராவிட்டால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. யாராவது உங்களிடம் "இது பிளாக் ஸ்பாட் பட்டியலில் இல்லையே" என்று சொல்வார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு வைத்திருக்கிற அளவுகோல் அது: 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், சாவோ பலத்த காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள். உங்களிடம் மூன்றுதான் இருக்கின்றன. இன்னும் இரண்டு நடந்தால் கணக்கில் வரும் என்று எழுதவே கை கூசுகிறது. அந்தப் பட்டியலுக்குள் நுழைய முயலாதீர்கள். பள்ளிப் பகுதி என்ற காரணமே போதும்.

மனுவை மார்ச்சில் கொடுக்காதீர்கள். மார்ச்சில் எந்தப் பொறியாளரும் மனு படிப்பதில்லை, பில் போடுகிறார். அடுத்த ஆண்டுக்கான வேலைப் பட்டியல் தயாராகும் ஆகஸ்ட், செப்டம்பரில் போய் நில்லுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் போடவில்லை என்று 1,000 ரூபாய் அபராதம் கட்டினேன். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒப்புக்கொண்டதற்கே ஒரு சபாஷ். 2022 அக்டோபர்வரை அது 100 ரூபாயாக இருந்தது. 100 ரூபாய் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் எனக்கு எழுதியதில்லை.

நீங்கள் கட்டியது அரசுக் கணக்கில் சேருகிறது. அங்கிருந்து ஒரு பகுதி சாலைப் பாதுகாப்புக்குத் திரும்பி வர வேண்டும். இது நம் மாநிலத்தோடு தொடர்புள்ள கதை. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். உடைந்த எலும்புகளை ஒட்டவைத்தே அலுத்துப்போன மனிதர், உடைவதை நிறுத்த வழி கேட்டார். 2014-இல் நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. 2017 நவம்பர் 30-இல் வந்த தீர்ப்பில், ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்பு நிதி வைக்க வேண்டும், போக்குவரத்து அபராதத்தின் ஒரு பகுதி அதில் சேர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முன் கேள்வியில் சொன்ன மாவட்டக் குழுக்களையும் அதே தீர்ப்பு வலியுறுத்துகிறது.

ஆக, உங்கள் ஆயிரத்தில் ஒரு துண்டு, கோட்பாட்டளவில், அந்தத் தலைமையாசிரியை கேட்கிற குழாய்த் தடுப்பாக மாற முடியும். நடைமுறையில் அந்த நிதிக்குப் போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் என்று நாலு துறைகள் கை நீட்டும். போலீஸ் கேட்பது வண்டிகளின் வேகத்தை அளக்கிற கருவி, மூச்சுப் பரிசோதனைக் கருவி, ரோட்டில் வைக்கிற இரும்புத் தடுப்பு. எல்லாமே தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரும்புத் தடுப்பைப் பற்றி எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. பல ஊர்களில் அதில் நகைக்கடை விளம்பரம் ஒட்டியிருக்கும், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்காது. ராத்திரி ஹெட்லைட் இல்லாத சைக்கிள்காரருக்கு அதுவே ஒரு சுவர். பாதுகாப்பு நிதியில் வாங்கிய பொருளில் அடிபடுவது என்பது எந்தக் கணக்குத் தலைப்பில் வருமோ!

கேள்வி: விபத்து நடந்தால் எப்போதும் ஓட்டுநர் மீதுதான் வழக்கு. ரோடு மோசமாக இருந்தால் ரோடு போட்டவர் மேல் வழக்குப் போட முடியாதா?
— சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, நீங்கள் பெரிய இடத்தில் கை வைக்கிறீர்கள். என் அனுபவத்தில் சாலைப் பாதுகாப்புப் பணத்தின் தலையெழுத்தே எஃப்.ஐ.ஆரின் ஒரு வரியில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய் எந்த விபத்து எஃப்.ஐ.ஆரை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று இருக்கும். மாட்டு வண்டியில் மோதினாலும், பள்ளத்தில் விழுந்தாலும், விளக்கில்லாத வளைவில் மரத்தில் மோதினாலும் அதே வரி. எழுதுகிற ஏட்டையாவைக் குறை சொல்ல முடியாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, 304-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 106 — பிரிவு நிற்க வேண்டுமானால் அந்த வார்த்தைகள் வேண்டும். அவருக்குச் சட்டம் கொடுத்த அச்சு அது.

இந்த வரிகளைத்தான் கூட்டி டெல்லியில் அறிக்கை போடுகிறார்கள். 2022-க்கான மத்திய அரசு அறிக்கையில் விபத்து மரணங்களில் 71 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம். வேகம் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 71-க்குள் எத்தனை வளைவுகள், எத்தனை இருட்டு முக்குகள், எத்தனை அழிந்த கோடுகள் மறைந்திருக்கின்றன என்பது அந்த அச்சில் தெரியாது. காரணம் ஓட்டுநர் என்று ஆன பிறகு பணம் எதற்குப் போகும்? விழிப்புணர்வுப் பேரணிக்கு. ஜனவரி மாதம் பள்ளிப் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நடப்பார்கள். ரோடு அப்படியே கிடக்கும்.

கேட்டதற்கு நேர்ப் பதில்: முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சாலையை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிப்பவர் — அதிகாரியாக இருந்தாலும் ஒப்பந்ததாரராக இருந்தாலும் — தரத்தைப் பின்பற்றாமல் அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். அந்த அபராதம் விபத்து நிதிக்குப் போகும். ஒரு உயிருக்கு ஒரு லட்சம் என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் என் காலத்தில் அதுகூட இல்லை. முதல் முறையாக ரோட்டுக்கும் குற்றவாளிக் கூண்டில் ஓர் இடம் போட்டிருக்கிறார்கள். உங்கள் தலைமுறை வக்கீல்கள் அந்தப் பிரிவைத் தூசு தட்ட வேண்டும்.

இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. தமிழ்நாட்டில் 2009 வாக்கிலேயே விபத்துகளைக் கணினியில் பதிகிற முறை வந்துவிட்டது. அதன் பிறகு சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஐராட்' வந்தது. முதலில் சோதித்த ஆறு மாநிலங்களில் நாமும் ஒருவர். போலீஸ்காரர் சம்பவ இடத்திலேயே போனில் இடத்தைக் குறித்து, படம் எடுத்து ஏற்றுகிறார். அதே விபத்து நெடுஞ்சாலைப் பொறியாளரின் போனுக்கும் போகும், ரோட்டில் என்ன குறை என்று அவரும் எழுத வேண்டும். அவர் எழுதுகிற அந்தப் பக்கம்தான் முக்கியம். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "சாலை நல்ல நிலையில் உள்ளது" என்று எல்லா விபத்துக்கும் ஒரே வரி இருந்தால், ஏட்டையாவின் அச்சுக்குப் பொறியாளரும் ஒரு அச்சு செய்துகொண்டார் என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து சிமெண்ட் வாங்கி நாங்களே வேகத்தடை போட்டுவிட்டோம். இப்போது எடுக்கச் சொல்கிறார்கள். உயிர் காக்கத்தானே போட்டோம்?
— வாசகர், ஆரணி

பதில்: எடுத்துவிடுங்கள் தம்பி. கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பக்கத்தில் ஒரு செருப்பு கிடக்கிறது. அதை வைத்து அளந்தால் உங்கள் மேடு ஒரு முழ அகலம், ஏறக்குறைய அரை அடி உயரம். விதிப்படியான வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர் மட்டும். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு கீற்றை வெட்டி வைத்த மாதிரி. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால் மடியில் இருக்கிற குழந்தை எழக்கூடாது. மேட்டின் மேல் வெள்ளைப் பட்டை, 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை. உங்களுடையது வேகத்தடை அல்ல, குறுக்கே படுத்திருக்கிற ஒரு குட்டிச் சுவர். ஆட்டோவில் போகிற நிறைமாதக் கர்ப்பிணிக்கும் ஆம்புலன்ஸுக்கும் அது ஒன்றுதான்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து ஆறேழு வருடம் இருக்கும். ஒரு கிராமத்தில் ரோட்டைக் கடந்த ஒரு பாட்டி வேன் மோதி இறந்துபோனார். ஊரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள். தாசில்தார், இன்ஸ்பெக்டர் எல்லோரும் வந்து, கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "இப்பவே ஸ்பீடு பிரேக்கர் போடுறோம்னு சொல்லுங்க சார், எந்திரிச்சிடுவாங்க." பக்கத்தில் நடந்துகொண்டிருந்த வேலையிலிருந்து மிச்சத் தார்க் கலவையை டிராக்டரில் கொண்டுவந்து, ஆறு மணிக்குள் மேடு போட்டோம். ஊர் கைதட்டியது. நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன். பெயிண்ட் இல்லை, பலகை இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலை நாலரைக்குப் பால்காரர் ஒருவர் டி.வி.எஸ். 50-இல் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வந்தார். இருபது வருடமாக அதே ரோடு. கண்ணை மூடிக்கொண்டே ஓட்டத் தெரிந்தவர், அதனால்தான் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. நான் போய்ப் பார்த்தபோது பால் மேட்டின் ஓரமாக ஓடி மண்ணில் ஊறிக் காய்ந்து, ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. நான் போட மறந்த கோடு. ஆஸ்பத்திரியில் அவர் என்னைக் கேட்டது: "சார், ராத்திரியோட ராத்திரியா ரோட்டுல யாரு சார் மேடு போட்டது?" விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம், பெயிண்டும் பலகையும் சைட்டுக்கு வந்து இறங்காமல் ஒரு மேடுகூடப் போட்டதில்லை. நீங்களும் மேட்டை எடுத்துவிட்டு, அதற்குச் செலவழித்த பணத்தின் ரசீதை மனுவோடு இணைத்துப் பேரூராட்சியிலோ நெடுஞ்சாலையிலோ கொடுங்கள். ஜனங்களே கைக்காசு போட்ட இடம் என்றால் பொறியாளருக்கு உறுத்தும்.

கேள்வி: தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகிறது. 25 வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆனதில்லை. இதற்காக அவ்வளவு பெரிய மேம்பாலச் சாலை தேவையா?
— லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: அண்ணே, 25 வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது பிரேக்கின் நல்ல குணம், நியூட்ரலின் நல்ல குணம் இல்லை.

தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, பார்வைக்குச் சரிவு பெரிதாகத் தெரியாது. அதுதான் ஆபத்து. செங்குத்தாக இருந்தால் பயத்தில் கியரைக் குறைப்பீர்கள். இது மெதுவாக, நீளமாக இறங்குகிறது. நியூட்ரலில் விட்டால் இருபது முப்பது டன்னைத் தாங்குகிற முழு வேலையும் பிரேக் டிரம்முக்குப் போகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரிகிறது, லைனிங் பிடி விடுகிறது. கருகின வாசனை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரட்டைப் பாலம் வரும்போது காலுக்கடியில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. முன்னால் கார்கள் வரிசையாக நிற்கும்.

டீசல் மிச்சம் என்பதும் பழைய கணக்கு. இப்போதைய இன்ஜின்களில் கியரிலேயே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அதற்குமேல் இதில் இன்ஜினியர் சொல்ல ஒன்றுமில்லை.

மேம்பாலச் சாலை தேவையா என்றால், அந்த இடத்துக்குத் தேவை என்றே சொல்வேன். சரிவையும் வளைவையும் சேர்த்து மாற்றாமல் அங்கே தீர்வில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கோடிக்குப் பாலம் எழும்பி முடியும்வரை, இறக்கத்துக்கு முன்னால் லாரிகளை ஓரங்கட்டி டிரம்மைத் தொட்டுப் பார்த்து அனுப்ப ஓர் இடமும் நாலு ஆட்களும் போட என்ன செலவாகும்? அந்த நாலு பேரின் சம்பளத்துக்குக் கணக்குத் தலைப்புத் தேடுவது, பாலத்துக்குப் பணம் தேடுவதைவிடக் கஷ்டம். நம் அமைப்பு அப்படி.

கேள்வி: அடிபட்டுக் கிடப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். 2019 திருத்தத்தின் 134-ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்கும் பயப்பட வேண்டாம். தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது அதுதான். 2025 மே முதல் மத்திய அரசும் ஒன்றரை லட்சம் ரூபாய்வரை ஏழு நாள் சிகிச்சைக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு.

கேள்வி: நான்குவழிச் சாலையில் எங்கள் ஊர் முன்னால் மீடியனில் இருந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். வயலுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் இது நியாயமா?
— விவசாயி, உளுந்தூர்ப்பேட்டை

பதில்: ஐயா, நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் வருகிற ரோட்டில் டிராக்டர் குறுக்கே திரும்புகிற இடைவெளி இருக்கக்கூடாது. அதை அடைத்தது சரி. அடைத்துவிட்டு அப்படியே போனதுதான் தப்பு. சுற்றுவழி இரண்டு கிலோமீட்டர் என்றால் யாரும் சுற்ற மாட்டார்கள். ஓரமாக எதிர்த்திசையில் ஓட்டுவார்கள். ராத்திரியில் எதிரே வருகிற விளக்கில்லாத டிராக்டர், அடைத்த இடைவெளியைவிட மோசம். நான் வேலையில் இருந்தபோது ஒரு இடைவெளியை அடைத்தோம். மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு ஓட்டலுக்கு எதிரே மீடியன் கல் இரண்டு காணாமல் போயிருந்தது. மறுபடி வைத்தோம். மறுபடி போனது. நாலாவது முறை நான் கல்லை வைக்கவில்லை, ஏன் உடைக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து எண்ணினேன். உடைப்பில் திரும்பியவர்களில் ஓட்டலுக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலோர் உங்களைப் போல வயலுக்கும் ரேஷன் கடைக்கும் போகிறவர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது மீடியனைத் திறப்பதை அல்ல. சர்வீஸ் ரோட்டை, அதோடு ரோட்டுக்கு அடியில் டிராக்டர் போகிற அளவுக்கு ஒரு வழியை. பக்கத்தில் ஓடைப் பாலம் இருந்தால் சொல்லுங்கள். அதன் ஒரு கண்ணைத் தூர்வாரித் தளம் போட்டு வழியாக்கிக் கொடுத்த இடங்கள் உண்டு. மழைக்காலத்தில் ஒரு மாதம் தண்ணீர் நிற்கும், மிச்சப் பதினொரு மாதம் போகலாம். உயரம் எவ்வளவு என்று டேப் பிடித்து அளந்து எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.

கேள்வி: ரிடையர் ஆன பிறகு ரோட்டில் போகும்போது என்ன பார்ப்பீர்கள்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ராத்திரி பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால், ரோட்டில் பதித்த பூனைக்கண் விளக்குகளில் எது உடைந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வருவேன். போன மாதம் மகள் வீட்டுக்குப் போகும்போது 61 வரை வந்திருந்தேன். "சம்பளமும் இல்ல, பென்ஷன்லயும் சேராது, கண்ணை மூடித் தூங்குங்க" என்று மனைவி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். முன் கண்ணாடிக்குத் திரை இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.